மண்ணீரல் சொல்லும் நூறாண்டுக் கதை

நம் உடலில் இடப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே, இரைப்பையை ஒட்டி, கைக்குள் அடங்கும் அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் பெயர் மண்ணீரல். வளர்ந்த ஒருவருக்கு அதன் எடை ஏறத்தாழ 150 கிராம்தான். இதயத்தைப் பற்றியும் மூளையைப் பற்றியும் எவ்வளவோ பேசுகிறோம். மண்ணீரலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆயினும் இரத்தத்தை வடிகட்டி, முதிர்ந்த சிவப்பணுக்களை அகற்றி, இரத்தத்தில் புகுந்த கிருமிகளை எதிர்க்கும் படையைத் திரட்டும் பாசறையும் அதுவே.

இந்தப் பாசறையில் சில வேளைகளில் ஒரு விந்தை நிகழ்கிறது. காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல் கண்டவர்களுக்கு மண்ணீரல் வீங்கிப் பெருத்து, வயிற்றின் பாதியை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்கிறது. உள்ளே படைவீரர்களான செல்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் போர் நடக்கவில்லை! பகைவன் பாசறைக்குள்ளேயே குடியிருந்து பல்கிப் பெருகுகிறான். வீரர்கள் கை கட்டி நிற்கிறார்கள். மருத்துவம் செய்யாமல் விட்டால், நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள்.

வீரர்களைக் கை கட்டி நிற்கச் சொன்னது யார்? விடையின் ஒரு பகுதி 2004ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்த விடையை நோக்கிய பாதையில் ஒரு முக்கியமான மைல்கல் நம் சென்னையில் நடப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியோம். அந்தக் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

சென்னை, 1903

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் சார்லஸ் டோனவன். அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் கல்கத்தாவில் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். நீண்ட நாள் காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாக வந்த நோயாளிகளைச் சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் கண்டார். இது மலேரியாவின் முற்றிய நிலை என்பதே அன்றைய பொதுவான கருத்து. ஆனால் மலேரியாவுக்கு உரிய கொயினா மருந்து இவர்களிடம் பலிக்கவில்லை.

1903 ஏப்ரலில், இறந்துபோன நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த பூச்சுகளை டோனவன் நுண்ணோக்கியில் பார்த்தார். மலேரியாக் கிருமியைப் போல இல்லாத சின்னஞ்சிறு முட்டை வடிவ உருக்கள் தெரிந்தன. அவை இறந்த உடல் அழுகியதால் தோன்றியவையாகவும் இருக்கலாமன்றோ? ஐயம் தீர வேண்டுமானால் உயிருள்ள ஒருவரிடம் அவற்றைக் காண வேண்டும். ஜூன் 17ஆம் நாள், காய்ச்சலுற்றிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசியிட்டு எடுத்த இரத்தத்தில் அதே உருக்களைக் கண்டார். ஐயம் நீங்கியது.

இதற்குச் சில வாரங்கள் முன்னர், மே மாத இறுதியில், இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் என்ற இராணுவ மருத்துவர் இதே உருக்களைப் பற்றி எழுதியிருந்தார். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் காய்ச்சல் கண்டு, இங்கிலாந்துக்குத் திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அவர் அவற்றைக் கண்டிருந்தார். முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு எழுந்தது. டோனவன் தம் கண்ணாடித் தகடுகளை ரொனால்டு ராஸுக்கு அனுப்பினார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று நிறுவிய அதே ராஸ்தான்! அவர் இருவரையும் பெருமைப்படுத்தும் வகையில் அக்கிருமிக்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் சூட்டினார். சென்னை ஆசிரியர் ஒருவரின் பெயர் இவ்வாறு உலக உயிரியல் நூல்களில் நிலைபெற்றது.

பகைவன் வீட்டுக்குள்ளே

கிருமியைக் கண்டாயிற்று, அது எப்படிப் பரவுகிறது என்று நிறுவ மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. கொசுவைவிடச் சிறிய மணல் ஈ என்ற பூச்சியே அதைப் பரப்புகிறது என்பதை 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் மெய்ப்பித்தனர். தாமாக முன்வந்த மனிதர்களை அந்த ஈக்கள் கடிக்கச் செய்து காட்டிய துணிவான சோதனை அது. இதற்கு முன்பே, 1920களின் தொடக்கத்தில், கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 'யூரியா ஸ்டிபமின்' என்ற ஆன்டிமனி மருந்தை உருவாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தார்.

கிருமி உடலில் எங்கே வாழ்கிறது? இங்கேதான் வியப்பு. 'மேக்ரோபேஜ்' என்ற பெரு விழுங்கு செல்கள் நம் உடலில் உண்டு. கிருமிகளை விழுங்கிச் செரிப்பதே அவற்றின் வேலை. லீஷ்மேனியாவோ தன்னை விழுங்கிய செல்லின் வயிற்றுக்குள்ளேயே செரிக்காமல் கிடந்து பெருகுகிறது! இந்த நிலையில் அதைக் கொல்ல வேண்டுமானால், விழுங்கிய செல்லுக்கு வெளியிலிருந்து 'இப்போது தாக்கு' என்ற ஆணை வர வேண்டும். அந்த ஆணையைத் தருபவை டி-செல்கள் என்னும் வெள்ளணுக்கள். டி-செல்களுக்கு யார் ஆணை தருகிறார்கள்? அதை அறிய நாம் 1973க்குச் செல்ல வேண்டும். அங்கும் நமக்காகக் காத்திருப்பது ஒரு மண்ணீரலே.

மரம் போன்ற செல்

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன் என்ற இளைஞர், தம் ஆசிரியர் ஸான்வில் கோன் என்பவரோடு சுண்டெலியின் மண்ணீரல் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுள் விசித்திர வடிவமுடைய சில செல்கள் தென்பட்டன. உடலிலிருந்து கிளைகள் நீண்டன, சுருங்கின, மீண்டும் வேறு திசையில் நீண்டன. மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அவற்றுக்கு 'டென்டிரிடிக்' செல்கள் என்று பெயரிட்டார். நாம் கிளைச் செல்கள் என்போம்.

இங்கே இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் செல்ல முடியவில்லை. உயிருள்ள செல் கண்ணாடி போல ஒளி ஊடுருவக்கூடியது. சாதாரண நுண்ணோக்கியில் அதன் உருவம் தெளிவாகத் தெரியாது. சாயமிட்டால் தெரியும், ஆனால் சாயமிட்ட செல் பெரும்பாலும் இறந்துவிடும். செல்லின் ஊடே வரும் ஒளியின் கட்ட வேறுபாட்டை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் காட்டும் நுண்ணோக்கியை உருவாக்கியவர் ஹாலந்து நாட்டு இயற்பியலறிஞர் செர்னிக்கே. அதற்காக 1953இல் நோபல் பரிசு பெற்றார். அத்தகைய நுண்ணோக்கியின் துணையால்தான் கிளைச் செல்கள் உயிரோடு அசைவதை ஸ்டைன்மன் கண்டார்.

இச்செல்களின் உறவினர்களை ஒருவர் முன்னரே பார்த்திருந்தார். 1868இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் மனிதத் தோலில் தங்க உப்பைக் கொண்டு சாயமிட்டபோது கிளை விரித்த செல்கள் தெரிந்தன. அவை நரம்புச் செல்கள் என்று அவர் எண்ணினார். நூறாண்டுகளுக்கு மேலான பிறகே அவற்றின் உண்மையான குலம் தெரியவந்தது.

மண்ணீரலில் கிளைச் செல்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் உள்ளன. ஆனால் டி-செல்களைத் தூண்டுவதில் அவை மற்றச் செல்களைவிடக் குறைந்தது நூறு மடங்கு வல்லவை என்று 1978இல் ஸ்டைன்மன் காட்டினார். அவை கிருமியின் சிறு துணுக்கை ஏந்திச் சென்று டி-செல்லிடம் காட்டுகின்றன. 'இதோ பகைவனின் அடையாளம்' என்று சொல்லும் ஒற்றர்கள் அவை. 2011இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னதாகவே அவர் புற்றுநோயால் காலமாகிவிட்டார் என்பது பரிசுக் குழுவுக்குப் பின்னரே தெரிந்தது. ஆயினும் பரிசு அவருக்கே நிலைத்தது.

ஒற்றன் இரண்டு விதமாகவும் செய்தி தரலாம். 'தாக்குங்கள்' என்று சொல்லலாம்; 'இவர் நம்மவர், விட்டுவிடுங்கள்' என்றும் சொல்லலாம். உடலில் அமைதி நிலவும்போது கிளைச் செல்கள் டி-செல்களை அடக்கியே வைக்கின்றன என்பது 2001இல் ராக்ஃபெல்லரிலேயே நடந்த சோதனைகளால் விளங்கியது. அப்படியானால் ஓர் ஒற்றன் போரை மூட்டுவதையும் மற்றோர் ஒற்றன் அமைதி காப்பதையும் எது முடிவு செய்கிறது?

படுக்கையா, பள்ளிக்கூடமா?

இங்கே நாம் சிறிது விலகி, உறுப்புகளின் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பிலும் அதற்குரிய சிறப்பு வேலையைச் செய்யும் செல்கள் ஒரு வகை. அவற்றைத் தாங்கி, இழைகளால் கட்டி, இடம் கொடுக்கும் செல்கள் மற்றொரு வகை. இந்தத் தாங்கு திசுவுக்கு 'ஸ்ட்ரோமா' என்று பெயர். படுக்கை, மெத்தை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. பெயரே அந்நாளைய மதிப்பைக் காட்டிவிடுகிறது. படுத்திருப்பவர்தாம் முக்கியம், படுக்கைக்கு என்ன சிறப்பு?

இம்மதிப்பு மெல்ல மாறியது. மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் 1960களிலும் 1970களிலும் எலும்பு மஜ்ஜையிலிருந்து, கண்ணாடியில் ஒட்டி வளரும் தாங்கு செல்களைப் பிரித்தெடுத்தார். அவற்றை விலங்கின் உடலில் வேறோர் இடத்தில் பதித்தபோது அங்கே சிறு எலும்பு உருவாயிற்று. அதற்குள் இரத்தச் செல்களும் வந்து குடியேறி வளர்ந்தன. 1977இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மைக்கேல் டெக்ஸ்டரும் அவர் குழுவினரும், குடுவையின் அடியில் தாங்கு செல்களின் விரிப்பு இருந்தால் இரத்த மூலச் செல்கள் பல மாதங்கள் உயிரோடு பெருகும் என்று காட்டினர். அடுத்த ஆண்டே அதே நகரில் ரே ஸ்கோஃபீல்டு, மூலச் செல் தன் இயல்பைக் காத்துக்கொள்வது அது தங்கும் இடத்தைப் பொறுத்தது என்ற கருத்தை வெளியிட்டார்.

இது நமக்குப் புதிய கருத்தன்று. எங்கள் கொட்டாரத்தைச் சுற்றிப் பெய்யும் மழை ஒன்றுதான். கடலோரக் கிணற்றில் அந்த நீர் உப்புக் கரிக்கிறது; வயலோரக் கிணற்றில் இனிக்கிறது. நீரின் சுவையை அது தங்கும் மண் மாற்றுகிறது. செல்லின் குணத்தையும் அது தங்கும் திசு மாற்றுமா?

2004: இரண்டு சோதனைகள்

இந்தக் கேள்விக்கு 2004இல் இரண்டு குழுவினர், உலகின் இரு மூலைகளிலிருந்து, ஒரே ஆண்டில் விடை தந்தனர். இருவரும் கையாண்டது மண்ணீரல் தாங்கு செல்களையே.

முதல் குழு சீனாவில் ஷுவேதாவ் ட்சாவ் தலைமையில் அமைந்தது. முழுதும் முதிர்ந்து, 'தாக்கு' என்று ஆணையிடும் நிலையிலிருந்த கிளைச் செல்களை அவர்கள் எடுத்தனர். இதற்கு மேல் அவை மாறமாட்டா என்பதே அதுவரை இருந்த எண்ணம். அவற்றைச் சுண்டெலி மண்ணீரலின் தாங்கு செல்கள்மீது விட்டு வளர்த்தபோது அவை புதிதாகப் பெருகின. பெருகியதோடு குணமும் மாறின. டி-செல்களைத் தூண்டிவந்தவை இப்போது டி-செல்கள் பெருகுவதைத் தடுத்தன! செல்லோடு செல் தொட்டு நிற்பதும், தாங்கு செல்கள் சுரக்கும் ஒரு வேதிப் பொருளும் இம்மாற்றத்துக்குக் காரணம் என்று கண்டனர்.

இரண்டாம் குழு லண்டனில் பால் கே, மத்தியாஸ் ஸ்வென்சன் ஆகியோருடையது. இவர்கள் எடுத்தவை இன்னும் எந்த வகை என்று முடிவாகாத இளம் மூலச் செல்கள். அவற்றை மண்ணீரல் தாங்கு செல்கள்மீது வளர்த்தபோது, அவற்றிலிருந்து அடக்கும் வகைக் கிளைச் செல்கள் தோன்றின. இச்செல்கள் 'இன்டர்லூக்கின்-10' என்ற பொருளைச் சுரந்து டி-செல்களை அமைதிப்படுத்தின. அடுத்து அவர்கள் ஒரு நுட்பமான ஒப்பீட்டைச் செய்தனர். நோயற்ற சுண்டெலியின் தாங்கு செல்களை ஒரு புறமும், நோய் கண்ட சுண்டெலியின் தாங்கு செல்களை மறு புறமும் வைத்துப் பார்த்தனர். நோய் கண்ட எலியின் தாங்கு செல்கள் அடக்கும் செல்களை மேலும் மிகுதியாக உருவாக்கின.

அந்த எலிகளுக்கு இருந்த நோய் எது தெரியுமா? லீஷ்மேனியா டோனவானி! சென்னைச் சிறுவனின் மண்ணீரலில் 1903இல் காணப்பட்ட அதே இனக் கிருமி, 101 ஆண்டுகளுக்குப் பிறகு, தான் வாழும் வீட்டின் இரகசியத்தை வெளிப்படுத்திற்று. பாசறையின் சுவர்களே, ஒற்றர்களை அமைதித் தூதர்களாக்கி அனுப்புகின்றன. இவ்வாறு வளரத் தூண்டும் இரண்டு வேதிச் சைகைகளையும் 2010இல் இதே ஆராய்ச்சியாளர்கள் இனம் கண்டனர்.

இந்த ஏற்பாடு எதற்கு?

உடலே தன் படையை அடக்குவது அறிவீனம் என்று தோன்றலாம். நம் வீட்டு மின்சார இஸ்திரிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். சூடு ஏற ஏற, உள்ளேயிருக்கும் ஈருலோகப் பட்டை வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. அப்பட்டை இல்லாவிட்டால் துணி கருகிப்போகும். எதிர்ப்பாற்றலுக்கும் அத்தகைய ஒரு பட்டை வேண்டும். இன்டர்லூக்கின்-10 அறவே இல்லாத சுண்டெலிகளை 1993இல் உருவாக்கினார்கள். அவற்றின் குடலில் தீராத அழற்சி உண்டாயிற்று. குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களைக் கண்டுகூட அவற்றின் படை ஓயாமல் போர் தொடுத்தது.

ஆகவே தாங்கு செல்கள் செய்வது காவல் வேலைதான். நாள் முழுதும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் மண்ணீரலில் கண்டதற்கெல்லாம் போர் மூண்டால் உறுப்பே அழிந்துபோகும். நீண்ட நாள் தங்கும் ஒரு கிருமி இந்த ஏற்பாட்டால் ஆதாயம் பெறுகிறது. பட்டையை யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டால் பெட்டி சூடேறாது அல்லவா? அதே நிலைதான்.

எலியிலிருந்து மனிதனுக்கு

எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவது அறிவியல் ஆகாது. பீகாரின் முசாபர்பூரில் காலா அசார் நோயாளிகளை ஆராய்ந்த இந்திய, அமெரிக்க அறிஞர்கள் 2007இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நோயை உறுதி செய்ய மண்ணீரலில் ஊசியிட்டு எடுக்கும் துளியே அவர்களுக்கும் ஆய்வுப் பொருள். டோனவன் கையாண்ட அதே முறை! அத்துளியில் இன்டர்லூக்கின்-10 மிகுதியாக இருந்தது. ஆனால் அதைச் சுரப்பதில் முதலிடம் பெற்றவை ஒரு வகை டி-செல்களே என்று அவர்கள் கண்டனர். எனவே மனித மண்ணீரலில் அடக்கும் கிளைச் செல்களின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் அளந்து முடிக்கப்படாத கணக்கு. 2011இல், நோயாளிகளின் மண்ணீரல் செல்களைக் குடுவையில் வைத்து இன்டர்லூக்கின்-10இன் செயலைத் தடுத்தபோது கிருமிகள் குறைந்தன. அடக்கும் கையை விலக்கினால் படை எழும் என்பதற்கு இது சான்று.

தாங்கு செல்களின் அடக்கும் ஆற்றலை நன்மைக்குப் பயன்படுத்தும் முயற்சியும் நடந்துவருகிறது. மாற்று எலும்பு மஜ்ஜை பெற்றவர்களுக்குச் சில வேளைகளில், வந்த மஜ்ஜையின் செல்கள் நோயாளியின் உடலையே தாக்குவது உண்டு. அவ்வாறு உயிருக்குப் போராடிய ஒன்பது வயதுச் சிறுவனுக்கு, அவன் தாயின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த தாங்கு செல்களை ஸ்வீடன் மருத்துவர்கள் செலுத்தினர், அவன் தேறினான். அச்செய்தியும் வெளிவந்தது 2004இல்தான். இருபது ஆண்டுச் சோதனைகளுக்குப் பின், 2024 டிசம்பரில், இத்தகைய நிலையிலுள்ள குழந்தைகளுக்கான தாங்கு செல் மருந்து ஒன்றை அமெரிக்க அரசு ஏற்றது. ஒரு வெற்றிச் செய்திக்கும் ஒரு மருந்துக்கும் இடையே இத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன என்பதை, 'எல்லா நோய்க்கும் செல் மருத்துவம்' என்ற விளம்பரங்களைக் காணும்போது நினைவில் வையுங்கள்.

நம் மலைகளிலும்

காலா அசார் வட இந்திய நோய்தானே என்று நீங்கள் எண்ணக்கூடும். 1992இல் இந்தியாவில் 77,102 பேர் இந்நோய் கண்டனர். 1,419 பேர் மாண்டனர். மணல் ஈ ஒழிப்பும், ஒரே வேளையில் செலுத்தும் ஆம்போடெரிசின் மருந்தும் சேர்ந்து, 2023இல் நோயாளிகளின் எண்ணிக்கையை ஆயிரத்துக்குக் கீழே கொண்டுவந்தன. இது பெரும் சாதனை.

ஆனால் கொட்டாரத்தை அடுத்த மருந்துவாழ் மலையிலிருந்து வடக்கே நீளும் மலைத்தொடரைப் பாருங்கள். அதில் உயர்ந்து நிற்கும் அகத்தியமலைக் காடுகளில், கேரளப் பகுதியில் வாழும் பழங்குடி மக்களிடையே, லீஷ்மேனியா டோனவானியால் உண்டாகும் தோல் புண்கள் காணப்படுவதாக 2015இல் ஆய்வாளர்கள் எழுதினர். இலங்கையிலும் இதே இனக் கிருமி பெரும்பாலும் தோல் நோயையே உண்டாக்குகிறது. பீகாரில் மண்ணீரலைப் பிடிக்கும் கிருமி இங்கே தோலோடு நிற்பானேன்? கிருமியின் மரபணுக்களில் வேறுபாடுகள் உள்ளன என்று தெரிகிறது. தோலின் தாங்கு செல்களுக்கும் இதில் பங்குண்டா என்பது நல்ல கேள்வி. மலையோரத்தில் வாழ்வோர், ஆறாத தோல் புண்ணையோ வாரக் கணக்கில் நீடிக்கும் காய்ச்சலையோ அலட்சியம் செய்யாமல் அரசு மருத்துவமனையில் காட்டுவது நலம்.

மாணவ நண்பர்களே! இந்த நூறாண்டுக் கதையில் நாம் கண்ட மண்ணீரல்கள் மூன்று. சென்னையில் ஒன்று பகைவனைக் காட்டியது. நியூயார்க்கில் ஒன்று ஒற்றனைக் காட்டியது. லண்டனில் ஒன்று, ஒற்றனைப் பழக்கும் ஆசானைக் காட்டியது. அந்த ஆசான் முன்பும் அங்கேதான் இருந்தான். டோனவனின் கண்ணாடித் தகடுகளைப் பார்த்தவர்கள் கிருமியைத் தேடினார்கள்; ஸ்டைன்மன் தேடியது குடுவையில் எளிதில் பிரிந்து வரும் செல்களை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடந்த தாங்கு செல்களை 'இது வெறும் படுக்கை' என்றே பலரும் ஒதுக்கிவந்தனர். நாளை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் நிற்கும்போது, தேடும் பொருளைச் சுற்றியிருப்பது என்ன என்பதையும் ஒரு முறை பாருங்கள். அதற்கு யாரும் இன்னும் பெயர்கூட இடாமல் இருக்கலாம்.